நடத்துகிற நாடு எவ்வளவு தூரம் போகும்? என் இரண்டு தப்புக் கணக்குகள்

2018 ஜூன் மாதம். எங்கள் ஆபீஸில் உலகக்கோப்பை கால்பந்துக்கு ஒரு கணிப்புப் பந்தயம். ஆளுக்கு நூறு ரூபாய். எந்த அணி எந்தச் சுற்று வரை போகும் என்று முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நான் சும்மா எழுதிக் கொடுக்கவில்லை. ஃபிஃபா தரவரிசையை எடுத்து எக்செல்லில் போட்டு, நாலு ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்கு செய்தேன். அந்தக் கணக்கில் ரஷ்யா முதல் சுற்றோடு காலி. ஏனென்றால் வந்திருந்த 32 அணிகளில் தரவரிசையில் கடைசி அணி அதுதான். 70-வது இடம்.

டெஸ்டிங் டீமில் இருந்த ஒரு தம்பி ரஷ்யாவுக்குக் கால் இறுதி என்று எழுதிக் கொடுத்தான். காரணம் கேட்டேன். "சொந்த ஊர்ல ஆடுறாங்கண்ணா" என்றான். அதற்கு மேல் அவனிடம் எதுவும் இல்லை. ரஷ்யா கால் இறுதி வரை போனது.

பாடம் கற்றுக்கொண்டேன் என்ற நினைப்பில் 2022-ல் கத்தாரை இரண்டாம் சுற்றுக்கு அனுப்பினேன். மூன்று ஆட்டம், மூன்று தோல்வி. போட்டி நடத்தும் நாடு தொடக்க ஆட்டத்திலேயே தோற்றது உலகக்கோப்பை வரலாற்றில் அதுதான் முதல் முறை.

ஒரு முறை குறைத்து மதிப்பிட்டேன், ஒரு முறை கூட்டி மதிப்பிட்டேன். சராசரியில் நான் சரி என்று சொல்லிக்கொள்ளலாம்! ஆனால் இந்த இரண்டு தப்பும் ஒரே தப்புதானோ என்று ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். இந்த ஜூனில் அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றும் சேர்ந்து உலகக்கோப்பையை நடத்தப் போகின்றன. அதற்கு முன்னால் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

வரலாறு சொல்வதும் சொல்லாததும்

நடத்தும் நாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் ஒரு பட்டியலை நீட்டுவார்கள். 1930 உருகுவே, 1934 இத்தாலி, 1966 இங்கிலாந்து, 1974 மேற்கு ஜெர்மனி, 1978 அர்ஜென்டினா, 1998 பிரான்ஸ். 2022 வரை நடந்த 22 உலகக்கோப்பைகளில் ஆறு, நடத்திய நாட்டுக்கே போயிருக்கிறது. நாலில் ஒன்றுக்கும் மேல். பார்த்தீர்களா, சொந்த மண்ணின் மகிமை!

இதில் ஓட்டை இருக்கிறது. ரொம்ப காலம் உலகக்கோப்பையை நடத்தும் வாய்ப்பு பெரும்பாலும் கால்பந்தில் ஏற்கெனவே பெரிய நாடுகளுக்குத்தான் கிடைத்தது. உருகுவே 1924, 1928 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற அணி. அது 1930-ல் ஜெயித்ததற்கு மண் எவ்வளவு காரணம், கால் எவ்வளவு காரணம் என்று இந்தப் பட்டியலை வைத்துப் பிரிக்க முடியாது. அதே அளவு பலமான பிரேசில் 1950-லும் 2014-லும் சொந்த மண்ணில் கோப்பையை விட்டது. 1990 இத்தாலியும் 2006 ஜெர்மனியும் மூன்றாம் இடத்தோடு நின்றன.

ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு ஒப்பிடாமல், அதே நாட்டின் மற்ற உலகக்கோப்பைகளோடு ஒப்பிட்டால் படம் கொஞ்சம் தெளிவாகிறது. ஸ்வீடன் ஒரே ஒரு முறைதான் இறுதி ஆட்டம் வரை வந்தது: 1958, சொந்த நாட்டில். சிலியின் மிகச் சிறந்த இடம் மூன்றாவது: 1962, சொந்த நாட்டில். மெக்சிகோ கால் இறுதியைத் தொட்டது இரண்டே முறை: 1970, 1986, இரண்டும் சொந்த நாட்டில். தென் கொரியா 2002-க்கு முன் ஐந்து உலகக்கோப்பைகளில் ஆடி ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. 2002-ல் நாலாவது இடம்.

ஆக, மண்ணுக்கு மதிப்பு இருக்கிறது. தம்பி சொன்னது வெறும் குருட்டு நம்பிக்கை இல்லை. ஆனால் 2010-ல் தென் ஆப்பிரிக்கா முதல் சுற்றோடு போனது. கடைசி ஆட்டத்தில் பிரான்ஸை 2-1 என்று ஜெயித்தும், மெக்சிகோவோடு புள்ளிகள் சமமாகி, கோல் வித்தியாசத்தில் வெளியே. 2022-ல் கத்தார் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மதிப்பு இருக்கிறதென்றால் இவர்களுக்கு ஏன் அது உதவவில்லை?

70-வது இடம் எப்படி வந்தது

முதலில் என் 2018 தப்பு. அன்றைக்கு நான் செய்யாத ஒரு வேலை, அந்தத் தரவரிசை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று படிப்பது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் ஒரு எண்ணை அப்படியே எடுத்துப் போட்டேன். வெட்கம்தான்.

2018 உலகக்கோப்பை வரை இருந்த ஃபிஃபா சூத்திரம் இது. வெற்றிக்கு 3, டிராவுக்கு 1, தோல்விக்கு 0. அதை ஆட்டத்தின் முக்கியத்துவத்தால் பெருக்க வேண்டும்: நட்பு ஆட்டம் என்றால் 1, தகுதிச் சுற்று என்றால் 2.5, கண்ட அளவிலான இறுதிப் போட்டி என்றால் 3, உலகக்கோப்பை என்றால் 4. பிறகு எதிரணியின் பலத்தால் பெருக்க வேண்டும். அது பொதுவாக 200-லிருந்து எதிரணியின் தரவரிசையைக் கழித்தால் வருவது. கண்டத்துக்கான ஒரு சின்ன எடையும் உண்டு, அதை விட்டுவிடலாம். கடைசியில் ஒரு வருடத்து ஆட்டங்களின் சராசரி. நாலு வருடம் எடுத்துக்கொள்வார்கள், பழசாக ஆக எடை குறையும்.

இப்போது கணக்கு போட்டுப் பாருங்கள். 50-வது இடத்து அணியைத் தகுதிச் சுற்றில் ஜெயித்தால் 3 × 2.5 × 150 = 1125. அதே அணியை நட்பு ஆட்டத்தில் ஜெயித்தால் 450. உலகத்திலேயே முதல் இடத்து அணியை நட்பு ஆட்டத்தில் ஜெயித்தால்கூட 600-தான் கிடைக்கும்.

நடத்தும் நாட்டுக்குத் தகுதிச் சுற்று கிடையாது. நேராக நுழைவு. அதனால் இரண்டு வருடம் பெரும்பாலும் நட்பு ஆட்டம்தான். எல்லாமே சராசரி என்பதால், நட்பு ஆட்டம் ஆட ஆடப் புள்ளி இறங்கும். நன்றாக ஆடினாலும் இறங்கும்.

இது ரஷ்யாவுக்கு மட்டும் நடந்ததில்லை. 2014-ஐ நடத்தவிருந்த பிரேசில் 2013 ஜூனில் 22-வது இடத்துக்குப் போனது. அதே மாதக் கடைசியில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் அன்றைய உலக சாம்பியன் ஸ்பெயினை 3-0 என்று அடித்தது. இருபத்திரண்டாவது அணி செய்கிற வேலையா இது?

இதைத் தலைகீழாகப் பயன்படுத்திய நாடு போலந்து. 2018-க்கு முன்னால் நட்பு ஆட்டங்களைக் குறைத்துக்கொண்டது. புள்ளி சரியாமல் நின்றது. குலுக்கலில் ஜெர்மனி, பிரேசிலோடு முதல் தட்டில் உட்கார்ந்தது. போட்டியில் என்ன ஆனது? செனகல், கொலம்பியா, ஜப்பான் இருந்த பிரிவில் கடைசி.

சரி, ரஷ்யா உண்மையில் பலமான அணியா? அதுவும் இல்லை. 2016 யூரோவில் முதல் சுற்றோடு போனது, 2017 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் சொந்த மண்ணிலேயே முதல் சுற்றோடு போனது. உலகக்கோப்பைக்கு முன் ஏழு ஆட்டங்களாக வெற்றி இல்லை என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. ஆனால் அந்த ஏழு பேர் யார் யார் என்று பார்த்தால் அர்ஜென்டினா, ஸ்பெயின், பிரேசில், பிரான்ஸ் நாலும் அதில் இருக்கின்றன. ஸ்பெயினோடு 3-3 டிரா. எட்டு மாதம் கழித்து அதே ஸ்பெயினைத்தான் லுஷ்னிகி மைதானத்தில் பெனால்டியில் வெளியே அனுப்பினார்கள்.

எனவே ரஷ்யா 70-வது அணியும் இல்லை, பத்தாவது அணியும் இல்லை. எத்தனையாவது என்று சொல்ல நம்மிடம் போதுமான ஆதாரம் இல்லை. நான் செய்த தப்பு இதுதான்: ஆதாரக் குறைவை பலவீனம் என்று படித்துவிட்டேன்.

கத்தார்: அதே தப்பு, மறுபக்கம்

2022-ல் என் யோசனை இப்படிப் போனது. தரவரிசையில் கத்தார் 50-வது. நடத்தும் நாட்டுக்கு அந்த எண் எப்போதும் குறைவாகத்தான் காட்டும், எனவே கொஞ்சம் மேலே ஏற்று.

முதல் கோளாறு: 2018 ஆகஸ்டிலிருந்து ஃபிஃபா சூத்திரமே மாறிவிட்டது. சதுரங்கத்தில் இருக்கும் எலோ முறை மாதிரியான ஒன்று. இதில் சராசரி கிடையாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கூட்டுவார்கள் அல்லது கழிப்பார்கள். நட்பு ஆட்டம் ஆடினதற்காக மட்டும் புள்ளி இறங்காது. அதாவது, இல்லாத பிழைக்கு நான் திருத்தம் போட்டிருக்கிறேன். பழைய பக் சரியான பிறகும் அதற்கான ஒட்டுப்போடலை எடுக்காமல் விட்ட கதை.

இரண்டாவது கோளாறு பெரியது. கத்தார் 2019-ல் ஆசியக் கோப்பையை வென்றது, இறுதி ஆட்டத்தில் ஜப்பானை 3-1. அதே வருடம் கோபா அமெரிக்காவில் விருந்தாளியாக ஆடியது. 2021-ல் வட அமெரிக்க கோல்ட் கோப்பையில் விருந்தாளியாகப் போய் அரை இறுதி. அதுவரை பார்த்தால், தகுதிச் சுற்று இல்லாத குறையை இவ்வளவு புத்திசாலித்தனமாக ஈடுகட்டிய நாடு வேறு இல்லை. ஆனால் 2022-ன் பெரும்பகுதியை அந்த அணி பயிற்சி முகாம்களில் கழித்தது. 26 பேருமே உள்நாட்டு லீக்கில் ஆடுகிறவர்கள் என்பதால் அது சாத்தியமானது. வாரா வாரம் ஐரோப்பிய மைதானத்தில் அடி வாங்கி, அடி கொடுத்து வருகிற ஆள் ஒருவர்கூட இல்லை. நான் இதை "நீண்ட தயாரிப்பு" என்று ஒரு பிளஸ் பாயிண்டாக எழுதி வைத்திருந்தேன்.

நம் தொழிலில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. ஸ்டேஜிங்கில் ஆறு மாதம் அழகாக ஓடிய புரோகிராம், லைவில் முதல் நாள் கூட்டத்தைப் பார்த்ததும் படுத்துவிடும். ஆறு மாதம் ஓடியது என்பது தகவல்தான். ஆனால் நாம் கேட்ட கேள்விக்கான தகவல் இல்லை.

2022 நவம்பர் 20, ஈக்வடாரோடு முதல் ஆட்டம். மூன்றாவது நிமிடத்திலேயே என்னர் வாலென்சியா தலையால் அடித்த கோல் ஆஃப்சைடு என்று ரத்தானது. அதிலிருந்து கத்தார் மீளவே இல்லை. அதே வாலென்சியா இரண்டு கோல் போட்டு 2-0. செனகலோடு 1-3. நெதர்லாந்தோடு 0-2.

ஆக, 2018-ல் தெரியாததை பலவீனம் என்று படித்தேன். 2022-ல் தெரியாததை மறைந்திருக்கும் பலம் என்று படித்தேன். இரண்டும் ஒரே தப்பு. நடத்தும் நாட்டைப் பற்றிய கணிப்பு மற்ற நாடுகளைப் பற்றியதைவிட அகலமாக இருக்க வேண்டும். நான் இரண்டு முறையும் ஒற்றை எண்ணை எழுதினேன்.

பெரிய இடத்து ஆட்களும் இந்தக் குழியில் விழுந்திருக்கிறார்கள். 2014-ல் கோல்ட்மன் சாக்ஸ் பிரேசிலுக்குக் கொடுத்த வாய்ப்பு 48.5 சதவீதம். 32 அணிகள் ஆடும் போட்டியில் ஒரே அணிக்குக் கிட்டத்தட்ட பாதி! அரை இறுதியில் ஜெர்மனியிடம் 7-1 வாங்கியதால் மட்டும் அந்த எண் தப்பு என்று சொல்ல முடியாது. பாதி வாய்ப்பு என்றால் மீதிப் பாதியும் உண்டுதான். ஆனால் 1975-லிருந்து சொந்த மண்ணில் முக்கியப் போட்டி எதிலும் பிரேசில் தோற்றதில்லை என்று எல்லோரும் எழுதினார்களே, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2014-க்கு முந்தைய நாலு வருடத்தில் பிரேசில் சொந்த மண்ணில் ஆடிய முக்கியப் போட்டி கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையின் ஐந்து ஆட்டங்கள் மட்டுமே. மீதி எல்லாம் பழைய அணிகள், பழைய ஆட்கள் சம்பாதித்தது. நீளமான சாதனை, ஆனால் கண்முன் இருக்கும் அணியைப் பற்றி அது சொல்வது கொஞ்சம்தான்.

மண் எவ்வளவு தரும்?

இப்போது தம்பியின் வாதத்துக்கு வருவோம். எலோ முறையில் கால்பந்து அணிகளை மதிப்பிடுகிறவர்கள் சொந்த மண்ணுக்கு வழக்கமாக 100 புள்ளி கூட்டுவார்கள். சமமான இரண்டு அணிகள் ஆடினால் ஆளுக்கு 50 சதவீதம். 100 புள்ளி கூட்டினால் சொந்த மண் அணிக்கு 64. டிராவை அரை வெற்றியாக வைத்துக்கொண்ட கணக்கு இது. பெரிய லாபம்தான்.

ஆனால் எதிரணி 300 புள்ளி மேலே இருந்தால்? மண் இல்லாமல் 15 சதவீதம், மண்ணோடு 24. எதிரணி 400 மேலே இருந்தால் 9 என்பது 15 ஆகும். விழுக்காட்டைப் பார்த்தால் நல்ல ஏற்றம் மாதிரி தெரியும். ஆனால் மூன்று ஆட்டம் ஆடி வீட்டுக்குப் போகிற அணி, மூன்று ஆட்டம் ஆடி வீட்டுக்குத்தான் போகும். மண் நடுவில் இருக்கிறவனைத் தூக்கிவிடும். ரொம்பக் கீழே இருக்கிறவனைக் கரையேற்றும் அளவுக்கு அதற்குக் கை நீளம் இல்லை.

இதற்கு கத்தாரைவிட நல்ல சாட்சி கிடைக்காது. உலகக்கோப்பையில் அவமானப்பட்டு பதினாலு மாதம் கழித்து, 2024 தொடக்கத்தில், ஆசியக் கோப்பையும் அதே கத்தாரில் நடந்தது. சீனா விலகியதால் வந்த வாய்ப்பு. அதே நாடு, பெரும்பாலும் அதே மைதானங்கள், அணியின் முதுகெலும்பும் அதே ஆட்கள். ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் கோப்பையை வென்றார்கள். உஸ்பெகிஸ்தானைப் பெனால்டியில், ஈரானை 3-2, இறுதி ஆட்டத்தில் ஜோர்டானை 3-1. மூன்று கோலும் அக்ரம் அஃபிஃப் அடித்த பெனால்டி. பயிற்சியாளர் மாறியிருந்தார், உண்மை. ஆனால் முக்கியமாக மாறியது எதிரில் நின்றவர்கள்.

மண் எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் ஓரளவு விடை உண்டு. ஸ்பானிய லீக்கை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், சொந்த மண் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நடுவர் கூடுதல் நேரத்தைக் கூட்டித் தருகிறார் என்று 2005-ல் காட்டினார்கள். கொரோனா காலத்தில் ஆளில்லாத மைதானங்களில் ஆடியபோது, வெளியூர் அணிக்கு மஞ்சள் அட்டை காட்டுவது குறைந்தது. நடுவர் காசு வாங்கிவிட்டார் என்று அர்த்தமில்லை. கூட்டத்தின் சத்தம் மனிதனை அசைக்கும், அவ்வளவுதான். வீடியோ நடுவர் வந்த பிறகு பெரிய முடிவுகளிலாவது இந்த லாபம் கொஞ்சம் குறையும் என்று எதிர்பார்க்கலாம். 2002-ல் தென் கொரியாவுக்குச் சாதகமாகப் போனதாக இத்தாலியும் ஸ்பெயினும் இன்றுவரை சொல்லும் முடிவுகள், இன்றைய முறையில் திரையில் மறுபடி பார்க்கப்பட்டிருக்கும்.

மண்ணைவிட உறுதியான லாபம் ஒன்று உண்டு. குலுக்கலில் நடத்தும் நாட்டுக்குக் கிடைக்கும் முதல் தட்டு. 2018-ல் தன் தரவரிசைப்படி ரஷ்யா கடைசித் தட்டில் இருந்திருக்க வேண்டிய அணி. முதல் தட்டில் உட்கார்ந்ததால் கிடைத்தது உருகுவே, எகிப்து, சவூதி அரேபியா. சவூதியை 5-0, எகிப்தை 3-1. பலமான உருகுவேயோடு 0-3 தோல்வி. சொந்த மண்தான் அதுவும். கத்தாருக்கும் முதல் தட்டுதான். ஆனால் வந்தது நெதர்லாந்தும், அந்த வருடத்து ஆப்பிரிக்க சாம்பியன் செனகலும். நல்ல நாற்காலி கிடைக்கலாம். பக்கத்தில் யார் உட்காருவார் என்பது அதிர்ஷ்டம்.

இந்த முறை என்ன எழுதிக் கொடுக்கப் போகிறேன்

2026-க்கு என்னிடம் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நிஜமான போட்டி ஆட்டங்கள் சமீபத்தில் எத்தனை ஆடினார்கள்? குலுக்கல் என்ன கொடுத்தது? எதிரணியோடு இருக்கும் இடைவெளி மண்ணால் நிரப்பக்கூடியதா?

முதல் கேள்வியில் மூன்று நாடுகளும் தேறுகின்றன. 2024 கோபா அமெரிக்காவில் மூன்றுமே ஆடின. கனடா அரை இறுதி வரை போனது. மெக்சிகோ முதல் சுற்றோடு போனது. அமெரிக்கா சொந்த மண்ணில் நடந்தும் பனாமாவிடம் தோற்று முதல் சுற்றோடு போனது. 2025 கோல்ட் கோப்பை இறுதியில் மெக்சிகோ அமெரிக்காவை 2-1 என்று ஜெயித்தது. ரஷ்யா, கத்தார் அளவுக்கு இங்கே இருட்டு இல்லை.

இரண்டாவதில் மெக்சிகோவுக்கு யோகம். தென் ஆப்பிரிக்கா, தென் கொரியா, ஐரோப்பிய பிளே-ஆஃபிலிருந்து வரும் ஒரு அணி. போதாததற்கு 48 அணிகள் ஆடுவதால் மூன்றாம் இடத்து அணிகளில் எட்டு தப்பிக்கும்.

மூன்றாவதுதான் சுவாரசியம். மெக்சிகோ நகரின் அஸ்டெக்கா மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2200 மீட்டர் உயரம். பழக்கமில்லாதவனுக்கு மூச்சு வாங்கும். 1970-ல் மெக்சிகோவும் சோவியத் யூனியனும் புள்ளியிலும் கோல் வித்தியாசத்திலும் சமமாகி, சீட்டுக் குலுக்கலில் மெக்சிகோ இரண்டாம் இடமானது. அதனால் கால் இறுதிக்கு அஸ்டெக்காவை விட்டு டொலூக்கா போக வேண்டியதாயிற்று. இத்தாலியிடம் 4-1 தோல்வி. 1986-ல் கால் இறுதி மான்டெரேயில். மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோல்வி. இரண்டு முறையும் வெளியேறியது அஸ்டெக்காவுக்கு வெளியே. 2026 அட்டவணையில் பிரிவில் முதல் இடம் பிடித்தால் அடுத்த இரண்டு சுற்றும் மெக்சிகோ அஸ்டெக்காவிலேயே ஆடும். கால் இறுதி மயாமியில்.

இரண்டே இரண்டு ஆட்டத்தை வைத்து ஒரு விதி எழுதினால் 2022 தப்பை மறுபடி செய்தவனாவேன். அதனால் இந்த முறை ஒற்றைப் பதில் கிடையாது. மெக்சிகோ: முதல் நாக்-அவுட் சுற்றிலிருந்து கால் இறுதி வரை எங்கு வேண்டுமானாலும் முடியலாம், அதைத் தாண்டினால் ஆச்சரியப்படுவேன். அமெரிக்காவும் கனடாவும் பிரிவைத் தாண்டும். அதற்கு மேல் யார் எதிரில் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பந்தயத்தில் இப்படி எழுதிக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள் என்று தெரியும். ஒரு கட்டத்தில் ஒரு சுற்றின் பெயரைத்தான் எழுத வேண்டும். கால் இறுதி என்று எழுதுவேன். நூறு ரூபாயை எடுத்துக்கொள்ளட்டும், பக்கத்திலேயே பென்சிலால் "முன்னே பின்னே ஒரு சுற்று" என்றும் எழுதி வைப்பேன். ஜூலையில் இதே பக்கத்தில் வந்து எவ்வளவு தப்பு என்று கணக்கு காட்டுகிறேன்.